நெஞ்சுக்கு மேலே கால்

மனிதரின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லிப் பிழைக்கிற தொழில்கள் நாட்டில் நிறைய உண்டு. காலைப் பார்த்து உண்மை கேட்கிற தொழிலை நான் செய்தேன்.

நரம்பு சுருண்ட தோழர்களே, பின்னேரமானால் கணுக்கால் வீங்கிச் செருப்பு வார் இறுகுகிறவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் உங்கள் வர்க்கம். வெள்ளாமை வெட்டுகிறவர்களின் கூலிக்காகப் போடிமார் என்கிற நிலக்காரரின் வாசல் படலைகளில் நின்றும், ஊர் ஊராகக் கூட்டம் போட்டு நின்றும், என் இரண்டு கெண்டைக்கால்களிலும் மண்புழு நெளிகிற மாதிரி நாளங்கள் புடைத்துவிட்டன. பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம். மிச்சத்தைத் துண்டுப்பிரசுரங்களில் படித்தேன். பிறகு அவற்றை நானே எழுதினேன். எங்கள் கட்சி இரண்டாகி, நாலாகி, கடைசியில் நானும் ஒரு சைக்கிளும் மிஞ்சினோம். பேசியவர்களைச் சுட்டார்கள். சுட்டவர்களையும் சுட்டார்கள். பேசாமல் இருந்தவர்கள் வெளிநாடு போய் அங்கிருந்து பேசினார்கள்.

கடல் வந்து ஊரை அள்ளிக்கொண்டு போனதற்கு அடுத்த வருடம் டொக்டர் வசந்தி என்னைத் தேடி வந்தார். களுவாஞ்சிக்குடிப் பெண். நாளங்களின் நோய்களைப் பற்றியும், அவற்றுக்குள் இரத்தம் கட்டியாக உறைவதைப் பற்றியும் வெளிநாட்டில் ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டவர். வாவித் தண்ணீரிலும் வயல் வட்டைச் சேற்றிலும் நின்று உழைக்கிற சனம், இப்போது முகாமில் அடைபட்டுக் கிடக்கிற சனம், இவர்களின் கால்களைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை என்றார். ஆறாத புண்ணுள்ள காலை வெட்டாமல், இறுக்கிக் கட்டியும் நெஞ்சைவிட உயர்த்தி வைத்தும் ஆற்ற முடியுமா? அதை எங்கள் ஊரிலேயே பார்த்து எழுத வேண்டும். அதற்கு வாவியின் இரண்டு கரையிலும் ஒழுங்கை தெரிந்த, வாய் ஓயாத ஒருவர் தேவை. “விருப்பமில்லாத ஆக்களையும் கூட்டத்துக்குக் கொண்டுவந்த ஆளாம் நீங்க. எனக்கு அப்படி ஒரு ஆள்தான் வேணும், அண்ணன்.”

கையல்ல, கால்

தன்னாமுனை முகாமில் நாங்கள் இறங்கிய உடனேயே வரிசை நின்றுவிட்டது. வாகனம் வந்தால் சாமான் வரும் என்பது அந்தச் சனம் சில மாதங்களில் கற்றுக்கொண்ட பாடம். எல்லோரும் கையை நீட்டினார்கள். நான் ஒரு பெட்டியின் மேல் ஏறி, கையை மடக்கிக் காலை நீட்டச் சொன்னேன். சிரிப்பு எழுந்தது. கூட்டம் சிரித்தால் பேசலாம் என்பது எனக்குத் தெரியும். பாதத்து இரத்தம் நெஞ்சுக்கு ஏற வேண்டும் என்றேன். அது கீழே விழாமல் இருக்க நாளத்துக்குள் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு, அவை மேல்நோக்கி மட்டுமே திறக்கும். அந்தக் கதவுகள் பழுதானால் இரத்தம் காலிலேயே தேங்கும், கால் வீங்கும், தோல் கறுக்கும், பிறகு வெடித்துப் புண்ணாகும். “உழைப்பு மட்டும் கீழேயிருந்து மேலே ஏறுகிறது, மேலேயிருந்து கீழே எதுவும் வருவதில்லை, இந்த நாட்டைப் போலத்தான்...” என்று நான் தொடங்கியதும் டொக்டர் இருமினார். நிறுத்திக்கொண்டேன்.

கூட்டத்தின் கடைசியில் ஒரு பெண் கவிழ்த்த மீன் பேசின் பாத்திரத்தின் மேல் உட்கார்ந்திருந்தாள். பெயர் பூரணம். கடற்கரையிலிருந்து வந்தவள். மீனைப் பேசினில் வைத்துத் தலையில் சுமந்து ஊர் ஊராக விற்றவள். அவளுடைய மகளைக் கடல் எடுத்துக்கொண்டது. சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் காட்டினாள். உள்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “படம் புடிக்க வந்த ஆக்கள் எல்லாரும் அழுற முகத்தைக் கேட்டாங்க. நீங்க நாறுற காலைக் கேக்கிறீங்க. இதை எண்டா வெக்கமில்லாமக் குடுக்கலாம், அண்ணன்.”

மாரி தொடங்கும்வரை

பூரணத்தின் புண் கடலுக்கு முன்பே இருந்த பழைய புண். அலை ஓய்ந்தபின் நாட்கணக்காகச் சேற்றில் மகளைத் தேடி நடந்ததில் அது பெருத்துவிட்டது. ஆஸ்பத்திரி வார்டில் பார்த்தவர்கள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். டொக்டர் வசந்தி அவளுடைய பாதத்தின் மேல் விரலை வைத்து, கண்ணை மூடி, நாடி துடிக்கிறதா என்று வெகுநேரம் பார்த்தார். நாடி துடிக்காத காலை இறுக்கிக் கட்டினால் கால் செத்துவிடுமாம். துடித்தது. வார்டுக்குப் போய்ப் பேசி, மாரி தொடங்கும்வரை தவணை வாங்கினார். மழை இறங்கினால் முகாமில் தண்ணீர் நிற்கும். அதற்குள் புண் மூடாவிட்டால் கால் போய்விடும்.

விரலடியிலிருந்து முழங்கால் வரை இழுபடுகிற துணியைச் சுற்றினோம். பூரணத்தின் கணவன் நடேசன் பேசாத மனிதன். வலை போனது, தோணி போனது, பேச்சும் போனது. நான் சொன்னபடி கட்டிலின் கால்மாட்டுக்குக் கீழே செங்கல் வைத்தான். பகலில் நடக்க வேண்டும், நிற்கக் கூடாது, படுத்தால் கால் நெஞ்சைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் நான் கொள்கைவிளக்கக் கூட்டம் போல விரித்துச் சொன்னேன். பூரணம் எல்லாவற்றுக்கும் ஓம் போட்டுவிட்டு டொக்டரின் பக்கம் திரும்பினாள்: “காலை வெட்டினாலும் நோவு ஒருநாளைக்குத்தான் மிஸ். இவர் கதைக்கிறதைக் கேக்கிறதுக்கு மயக்க மருந்து ஒண்டும் இல்லையா?”

எலி மருந்து

ஒவ்வொரு கிழமையும் பூரணத்தின் கட்டை அவிழ்த்துப் பார்த்தோம். மற்றப் பலரின் புண்கள் சுருங்கின. அவளுடையது சுருங்கவில்லை. அப்படியொரு காலையில் எரிச்சலோடு காத்தான்குடிக்குச் சைக்கிள் மிதித்தேன். அங்கே புடைவைக் கடை வைத்திருந்த, ஊருக்கே மூத்த அண்ணனான முஸ்தபா காக்கா தன் மருந்தை நிறுத்திவிட்டார் என்று டொக்டர் அனுப்பியிருந்தார். அவருக்கு வந்தது வேறு வகை. ஒரு ஒப்பரேசனுக்குப் பிறகு அசையாமல் கிடந்ததில் தொடையின் ஆழமான நாளத்தில் இரத்தம் கட்டியாகிவிட்டது. அந்தக் கட்டி கழன்று நெஞ்சுக்கு ஏறினால் மூச்சு நின்றுபோகும். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை கொடுத்திருந்தார்கள். படித்த ஒருவன் கடைக்கு வந்து, அது எலியைக் கொல்கிற மருந்து என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

“மெய்யா, பொய்யா? அதை மட்டும் சொல்லுங்க,” என்றார் காக்கா. அவரைச் சமாளிக்க ஒரு சின்னப் பொய் போதும். ஆனால் மக்களிடம் உண்மையை மறைக்கிறார்கள் என்று ஊர் முழுக்கச் சுவரில் எழுதியவன் நான். “மெய்தான்,” என்றேன். “எலிக்கு அளவில்லாமல் வைக்கிறார்கள். அது உள்ளே இரத்தம் கசிந்து சாகிறது. உங்களுக்கு இரத்தத்தைச் சோதித்துச் சோதித்து அளந்து தருகிறார்கள். அதனால்தான் சோதனைக்கு ஒழுங்காக வரச் சொல்கிறார்கள்.” காக்கா யோசித்தார். உள்ளே பார்த்துத் தண்ணீர் கேட்டார். குளிசையை வாயில் போட்டு விழுங்கிவிட்டுச் சொன்னார்: “மெய்யைச் சொன்னதால முழுங்கிறன், தோழர். இல்லெண்டு சொல்லியிருந்தா முதல் குளிசை உங்கட வாய்க்குள்ளதான் போயிருக்கும்.”

சாவடி

கட்டுத்துணி கொழும்பிலிருந்துதான் வர வேண்டும். அந்தக் கிழமை வராவிட்டால் பூரணத்துக்கும் மற்றவர்களுக்கும் கட்டுவதற்குத் துணியில்லை. பொதியை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தபோது இராணுவச் சாவடியில் இறக்கிவிட்டார்கள். சமாதானம் என்று கடதாசியில் இருந்தது. றோட்டில் அது கிழிந்துகொண்டிருந்த காலம். பொதியை அவிழ்த்த சிப்பாய் சுருள் சுருளாகத் துணியைக் கண்டதும் முகம் மாறினான். இவ்வளவு துணி யாருடைய காயத்துக்கு, வாவிக்கு அந்தப் பக்கம் இருக்கிற இயக்கத்துக்கா போகிறது என்று கேட்டான். என்னை ஓரமாக நிறுத்தினார்கள். நின்றேன். வெயில் ஏறியது. நிற்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நின்றுகொண்டிருந்தேன்.

கடைசியில் பொறுமை போய்விட்டது. காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டி என் கெண்டைக்கால்களைக் காட்டினேன். “இதற்குத்தான்,” என்றேன். தெரிந்த சிங்களத்திலும் சொன்னேன். அந்தச் சிப்பாய் குனிந்து என் காலைப் பார்த்தான். இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்தான். பிறகு மணல்மூட்டைக்குப் பின்னால் கூப்பிட்டுப் போய்ச் சப்பாத்தைக் கழற்றித் தன் காலைக் காட்டினான். இருபத்தைந்து வயதுகூட இராது, அதற்குள் என் நாளங்களுக்குத் தம்பி போலப் புடைத்த நாளங்கள். தொழிலாளரை ஒன்று சேர்க்க நான் எழுதிய பிரசுரங்கள் செய்யாததை இரண்டு கெண்டைக்கால்கள் செய்தன. பொதியை அவனே திரும்பக் கட்டித் தந்தான். “ஐயா, நம்மளும் காலையில நிக்கிறது, பின்னேரம் நிக்கிறது. ஒண்டு மட்டும் எனக்குக் குடு. மத்தது எல்லாம் கொண்டு போ, நான் ஒண்டும் பாக்கேல்ல.”

கால்மாடு எந்தப் பக்கம்

வானத்தில் மேகம் கூடத் தொடங்கியது. பூரணத்தின் புண் அப்படியே இருந்தது. ஒருநாள் மதியம், சொல்லாமல் கொள்ளாமல் அவளுடைய கொட்டிலுக்குப் போனேன். செங்கல் வெளியே கிடந்தது. அதன்மேல் சட்டி காய்ந்துகொண்டிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. துரோகம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் உள்ளே பார்த்ததும் அது நின்றுவிட்டது.

தகரக் கொட்டில், ஒரே அறை. தகரத்தில் ஆணி நிற்காது. வடக்குப் பக்கம் இருந்த ஒரேயொரு மரக்காலில் மகளின் படம், அதன் கீழே விளக்கு. தெற்கே தலைவைத்துப் படுத்தால் உயர்த்திய பாதம் நேரே அந்தப் பிள்ளையின் முகத்துக்குப் போகிறது. கட்டிலைத் திருப்பித் தலையை அந்தப் பக்கம் வைக்கலாம் என்றால், வடக்கே தலைவைத்து யாரும் படுப்பதில்லை. படத்தை மாற்றலாமே என்றேன். முப்பத்தோராம் நாள் காரியத்தில் விளக்கு வைத்து இருத்திய இடத்திலிருந்து பிள்ளையை எழுப்ப மாட்டேன் என்றாள். டொக்டரைக் கூட்டி வந்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து, பூரணம் படுக்கிற மாதிரியே படுத்துப் பார்த்தார். எழுந்தபோது முகம் சிவந்திருந்தது. மற்ற வீடுகளுக்கும் போய்ப் பார்த்தோம். புண் ஆறாத இன்னும் சில பெண்களின் கால்மாட்டிலும் சாமிப்படம், இறந்தவர் படம், இல்லாவிட்டால் மாமனார் படுக்கிற பாய். எல்லோரும் நாங்கள் போனதும் செங்கலை எடுத்திருந்தார்கள். “காலை உயர்த்தினீங்களா எண்டு எல்லாரிட்டயும் கேட்டன், அண்ணன்,” என்றார் டொக்டர். “எந்தப் பக்கம் பார்த்து உயர்த்துறீங்க எண்டு ஒருவரிட்டயும் கேக்கேல்ல.”

ஊர்வலமில்லாத போராட்டம்

வழி ஒன்றுதான். கட்டிலைக் குறுக்கே போட்டால் தலை கிழக்கே வரும், படம் பக்கவாட்டில் கண்ணுக்கு எட்டும் இடத்தில் நிற்கும். ஆனால் அப்படிப் போட்டால் கட்டில் கதவை மறிக்கும். ஆகவே கதவைப் பெயர்த்து மற்றப் பக்கத் தகரத்தில் வைக்க வேண்டும். மற்றக் கொட்டில்களிலும் இதே கதைதான். முகாமைக் கவனித்த நிறுவனத்தின் அதிகாரி இளம் ஆள். கொட்டில்களில் ஓர் ஆணியைக்கூட மாற்றக் கூடாது, மேலிடத்து உத்தரவு என்றார். மேலிடம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இளமை திரும்பிவிடும்.

அடுத்த நாள் காலையில் கால் புண்ணுள்ள பெண்கள் எல்லோரும் அவருடைய அலுவலகத்துக்கு முன்னால், வேம்பின் கீழ்ப் பாய் விரித்துப் படுத்தார்கள். கோஷம் இல்லை, பதாகை இல்லை. கவிழ்த்த பேசின்களின் மேல் கால்களை மட்டும் உயர்த்தி வைத்திருந்தார்கள். எல்லாப் பாதங்களும் அதிகாரியின் மேசையைப் பார்த்தன. அவர் வெளியே ஓடி வந்து இது என்ன மரியாதை என்று கேட்டார். “மருந்து, தம்பி,” என்றாள் பூரணம், படுத்தபடியே. “ஒரு நாளைக்குப் பல தரம் உயர்த்தச் சொல்லியிருக்காங்க. வீட்டில வசதியில்லை, அதான் இஞ்ச வந்தம்.” டொக்டரிடம் முறையிட்டார். டொக்டர் அது உண்மை என்று எழுதியே கொடுத்தார். அதிகாரி நாற்காலியை இடம் மாற்றினார். பெண்களும் பாயை இடம் மாற்றினார்கள். மதியச் சோற்றுப் பார்சலை அவிழ்த்தார், பாதங்களைப் பார்த்தார், மூடினார். கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார்: “கதவை எங்கயாவது வையுங்கோ, கூரையிலயும் வையுங்கோ. முதல்ல காலைக் கீழ வையுங்கோ.”

நடேசன் பேசியது

நடேசனே தகரத்தை வெட்டினான். கதவு கிழக்கிலிருந்து தெற்குக்குப் போனது. செங்கல் திரும்பவும் கட்டிலின் கீழே வந்தது, அங்கேயே நின்றது. படுத்திருக்கும்போது முகத்தைத் திருப்பினால் மகள் தெரிகிறாள் என்று பூரணம் டொக்டரிடம் சொன்னாளாம். என்னிடம் சொல்லவில்லை. நான் அதை வைத்து ஒரு கூட்டம் போட்டுவிடுவேன் என்ற பயம்.

கிழமைக்குக் கிழமை புண்ணின் ஓரத்திலிருந்து தோல் உள்ளே நகர்ந்தது. உள்ளங்கை அகலம் இருந்தது, ஒரு ரூபாய்க் குற்றி அளவானது, பிறகு மிளகளவானது. முதல் மழை தகரத்தில் விழுந்த அன்று டொக்டர் கட்டை அவிழ்த்தார். நாங்கள் குனிந்தோம். புண் இருந்த இடத்தில் மெல்லிய, இளஞ்சிவப்புத் தோல். டொக்டர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அதில் மழை பட்டிருக்கவில்லை. வார்டுக்கு இனிப் போக வேண்டியதில்லை என்றார். கட்டை மட்டும் பகலில் விடாமல் போட வேண்டும், விட்டால் புண் திரும்பும். பூரணம் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். கதவடியில் நின்ற நடேசன், நான் பழகிய அத்தனை மாதங்களிலும் முதல்தடவையாக வாய் திறந்தான்: “இனி இவள் பேசினைத் தூக்கிட்டு வெளிக்கிட்டா, என்னையும் தோணி தேடச் சொல்லித் துரத்துவாள், மிஸ். எனக்கும் ஏதும் ஒரு கட்டுக் கட்டி விடுங்க.”

அச்சில் வந்தது

பிறகு வாவியின் மேற்குக்கரையில் ஷெல் விழுந்தது, அந்தப் படுவான்கரைச் சனம் வாவியைக் கடந்து ஓடி வந்தது, புதிய முகாம்கள், புதிய கால்கள். கிழக்கில் சண்டை ஓய்ந்து, வடக்கிலும் ஓய்ந்த வருடம் டொக்டரின் ஆய்வு அச்சில் வெளிவந்தது. வெளிநாட்டுச் சஞ்சிகை, வழுவழுப்பான தாள், முழுக்க இங்கிலீஷ். எங்கே பூரணம் என்று கேட்டேன். ஒரு வரைபடத்தில் ஒரு புள்ளியைக் காட்டினார். எங்கே வேம்படிப் போராட்டம் என்று கேட்டேன். பாதம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கவனிக்காமல் காலை உயர்த்தச் சொல்வதில் பயனில்லை என்று ஒரு வரியைக் காட்டினார். அவ்வளவு சண்டையும் ஒரு வரி. எனக்குக் கசந்தது. சனத்தின் காலில் எடுத்ததைச் சனத்துக்குத் தெரியாத பாஷையில் வைத்திருக்கிறீர்கள் என்று சத்தம் போட்டேன். அவர் கோபப்படவில்லை. பேனையை என் பக்கம் தள்ளினார்.

ஆகவே பல வருடங்களுக்குப் பிறகு ஒரு துண்டுப்பிரசுரம் எழுதினேன். “உழைக்கும் மக்களே, உறங்கியது போதும்” என்று தொடங்கினேன். டொக்டர் அதை வெட்டினார். ஏகாதிபத்தியத்தை வெட்டினார். மிஞ்சியது ஒரு பக்கம்: நிற்காதே, நட; விரலிலிருந்து கட்டு; கட்ட முன் நாடியைப் பார்க்கச் சொல்; ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால் அன்றே வைத்தியரிடம் ஓடு; குளிசையை நீயாக நிறுத்தாதே; நெஞ்சைவிட உயரத்தில் காலை வைத்துப் படு, அதற்கு முன் கால்மாடு எந்தப் பக்கம் என்று பார். வடக்கே முள்கம்பிக்குள் இருந்த முகாம்களுக்கும் ஒரு கட்டுப் பிரசுரம் போனது. அங்கே வேலை செய்த தாதி ஒருத்தி இன்னும் வேண்டும் என்று சொல்லியனுப்பினாள். நான் எழுதியதை இன்னும் வேண்டும் என்று ஒருவர் கேட்டது அதுதான் முதல்தடவை.

செங்கலடிச் சந்தையில் பூரணத்துக்கும் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது அங்கே அவளுக்கு ஓர் இடம் இருக்கிறது. கட்டுப் போட்ட காலோடு பேசினுக்குப் பின்னால் நிற்கிறாள். நின்றால் அலுக்குமென்று ஒரு நடை நடந்துவிட்டு வருகிறாள். கை ஈரத்தைச் சேலையில் துடைத்துவிட்டுப் பிரசுரத்தை முழுவதும் வாசித்தாள். மீன் சுற்ற எடுக்கவில்லை, மடித்து இடுப்பில் செருகினாள். “ஊரெல்லாம் நிண்டு எழும்புங்க, எழும்புங்க எண்டு கத்தி உங்கட காலையும் கெடுத்தீங்க, ஒருத்தரும் எழும்பேல்ல. இப்படிப் படுங்க எண்டு முதல்லயே எழுதியிருந்தா முழுச் சனமும் உங்கட பக்கம் வந்திருக்குமே, அண்ணன்!”

ஆக, கீழே கிடப்பதை மேலே உயர்த்துவதற்கென்று ஒரு வாழ்நாளைச் செலவழித்ததில் எனக்கு வெற்றி கணுக்கால் வரையில்தான் கிடைத்தது, ஆனால் அந்தக் கணுக்கால் இன்றைக்கும் செங்கலடிச் சந்தையில் மீன் விற்கிறது.